மூன்று வெள்ளை டப்பா, ஒரு சிவப்பு டப்பா

கோட்டை மணி அலறியபோது கொக்கி பாதி முகத்துக்குத்தான் சவரம் செய்திருந்தான்.

விட்டுவிட்டு அடித்தால் கப்பல் வருகிறது. நிறுத்தாமல் அடித்தால் எதிரி வருகிறான். இப்போது நிறுத்தாமல் அடித்தது. கொக்கி சோப்பு நுரையோடு ஜன்னலில் எட்டிப் பார்த்தான். கயிற்றுக் கடை மாடியிலிருந்து துறைமுகத் தெரு முழுக்கத் தெரியும். ஓடுகிறவர்கள் யாருமில்லை. எதிர்க் கடைக்காரர் மட்டும் ஒருமுறை கடலைப் பார்த்தார், ஒருமுறை கோட்டையைப் பார்த்தார், பிறகு கோட்டையைப் பார்த்தபடியே கல்லாப்பெட்டியைப் பூட்டினார்.

"அண்ணே, எதிரி வந்துட்டான்."

"எந்த எதிரி?" தராசு பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது கோட்டையில இருக்கறவங்களுக்கே தெரியாது. பேப்பர்ல போட்டிருக்கான்னு பாருங்க."

தராசு சுங்கச்சாவடியில் இருபது வருடம் எடை போட்டவர். ஒரு நாள் பெரிய துரை ஒருவரின் பெட்டிகளையும் மற்றவர் பெட்டிகளைப் போலவே எடை போட்டுவிட்டார். மறுநாள் முதல் வேலை இல்லை. அன்றிலிருந்து துப்பறிகிறார். அதுவும் எடை போடுகிற தொழில்தான், மூட்டைக்குப் பதில் ஆள், என்பார். கொக்கி அவருடைய உதவியாளன். தராசு தரும் சம்பளம் பெரும்பாலும் வாக்குறுதியாகவே வந்ததால், வாரத்தில் மூன்று நாள் துறைமுகத்தில் மூட்டையும் தூக்கினான். மூட்டையைக் குத்தி இழுக்கிற இரும்புக் கொக்கி எப்போதும் அவன் இடுப்பில் தொங்கும். முதுகு சொறியவும் அதுதான். பெயர் வந்ததும் அதனால்தான்.

மணி நின்றது. மாடிப்படி அதிர்ந்தது. உள்ளே வந்தவள் நாற்பது வயதுக்காரி, கப்பல் பாய் தைக்கிறவள். உள்ளங்கையில் கட்டிய தோல் பட்டையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். கொக்கிக்குத் தெரிந்தவள்தான். கூலிக்காரர்கள் இருக்கும் லைன் வீடுகளில் அவன் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி.

"என் தம்பியைப் பிடிச்சுட்டாங்க," என்றாள். "பீரங்கியோட பின்மூடி நாலையும் திருடிட்டானாம். சாயங்காலம் அஞ்சு மணிக் கைதிக் கப்பல்ல ஏத்திடுவாங்களாம். விசாரணை கிடையாதாம், ராணுவச் சட்டமாம்."

"உக்காரும்மா. தம்பி என்ன வேலை?"

"பெயிண்டர். புதுசா வந்த பீரங்கிக்குச் சாம்பல் கலர் அடிக்கக் கூப்பிட்டிருந்தாங்க. மூணு நாள் வேலை. காலையில மீதிக் கூலி வாங்கப் போனான், எட்டு மணிக்கு. அப்படியே உள்ளே தள்ளிட்டாங்க."

"எட்டு மணிக்கா?"

"ஆமா."

தராசு பேப்பரை மடித்தார். "திருட்டுன்னு மணி அடிச்சது பத்துக்கு. கொக்கி, நீ திருடன் பின்னாடி ஓடியிருக்கே. திருட்டு தெரியறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே திருடனைப் பிடிச்ச போலீஸை எங்கேயாவது பாத்திருக்கியா?"

"ராணுவம்ணே. முன்யோசனை அதிகம்."

இந்தப் பீரங்கிகளின் கதை ஊருக்கே தெரியும். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருந்த தாய்நாட்டுச் சர்க்காருக்கு இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பயம் பிடித்தது. யாரோ ஒருவன் கப்பலில் வந்து இந்தத் துறைமுகத்தைப் பிடித்துக்கொள்வான் என்று. ஏற்கெனவே ஒருவன் கப்பலில் வந்து பிடித்துக்கொண்டிருப்பதை அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. நான்கு பெரிய பீரங்கி வேண்டும் என்றார்கள். செலவில் பாதி தாய்நாடு, பாதி துறைமுகம். துறைமுகம் என்றால் துறைமுக சபை. சபை என்றால் பன்னிரண்டு வியாபாரிகள். வியாபாரிகள் என்றால், சுற்றி வளைத்து, மூட்டை தூக்குகிறவன் கூலி. இரண்டு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் 'பாதுகாப்பு' என்று சொல்லிப் பிடித்துக்கொண்டுதான் கூலியைக் கையில் கொடுத்தார்கள். எதிலிருந்து பாதுகாப்பு என்று கேட்டவனுக்கு அடுத்த வாரம் வேலை இல்லை.

இன்று மாலை நான்கு மணிக்குப் பீரங்கிகளை வெடித்துக் காட்ட வேண்டும். சத்தம் கேட்டால்தான் சபையின் பங்குக்குக் கையெழுத்து என்று சபையிலிருந்த இரண்டு சின்ன வியாபாரிகள் முரண்டு பிடித்திருந்தார்கள். இப்போது பின்மூடி காணோம். பீரங்கியின் பின்பக்கத்தை அடைக்கிற இரும்பு மூடி அது. அது இல்லாமல் பீரங்கி வெடிக்காது.

"தம்பியோட சாமான் எங்கே?" என்று கேட்டார் தராசு.

"வண்டியோட வெளியில தள்ளிட்டாங்க. உருட்டிட்டு வந்திருக்கேன், கீழே நிக்குது."

கீழே இறங்கினார்கள். பலகைகளை ஆணியடித்துச் செய்த தள்ளுவண்டி. ஒரு சக்கரத்தைக் கயிற்றால் கட்டியிருந்தது. கொக்கி சுற்றி வந்து பார்த்தான்.

"ஒரு பின்மூடி அஞ்சு மூட்டை சிமெண்ட் கனம் இருக்கும். நாலும் சேர்ந்தா இருபது மூட்டை. இந்த வண்டியில ஏத்தினா வண்டி நகராது, சக்கரம் மட்டும் கோவிச்சுக்கிட்டுத் தனியா போயிடும்."

"அது மேஜருக்கும் தெரியும்," என்றார் தராசு. அவர் வண்டிக்குள் குனிந்து காலி டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். சாம்பல் நிற டப்பாக்களை ஒதுக்கினார். மிச்சம் நான்கு நின்றன. "இதெல்லாம் என்னம்மா?"

"அடிப்பூச்சு. கலர் அடிக்கறதுக்கு முன்னாடி அடிக்கறது. ஒரு பீரங்கிக்கு ஒரு டப்பான்னு அளந்து வாங்கினான்."

"இது சிவப்பு. இது மூணும் வெள்ளை. ஏன் ரெண்டு தினுசு?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இது தெரியாதவரா என் தம்பியைக் காப்பாற்றப்போகிறார் என்ற பார்வை. "இரும்புக்குச் சிவப்பு, துரு பிடிக்காம இருக்க. மரத்துக்கு வெள்ளை. எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான். தலையே போனாலும் அவன் மாத்தி அடிக்க மாட்டான்."

கொக்கி டப்பாக்களை எண்ணினான். மறுபடி எண்ணினான்.

"அண்ணே, பீரங்கியை எதால செய்வாங்க?"

"இரும்பாலதான் செய்வாங்க. செலவைப் பாதிப் பாதியா பிரிச்சுக்கறவங்க எதால செய்வாங்கன்னு இப்பதான் தெரியுது. அம்மா, நீங்க கோட்டை வாசல்ல போய் நில்லுங்க. யார்கிட்டயும் டப்பாவைப் பத்திப் பேசாதீங்க."

கோட்டைக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும். அதைத் தரக்கூடியவர் சபைத் தலைவர். கப்பல் கட்டும் பட்டறை அவருடையது, பாதித் துறைமுகமும் அவருடையது. அவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். தோல் அறுந்துவிடாமல் ஒரே சுருளாக உரிப்பதில் அவருக்குப் பெருமை.

"தாராளமா போய்ப் பாருங்க," என்று தராசு வாக்கியத்தை முடிக்கும் முன்பே சீட்டை எழுத ஆரம்பித்தார். "உங்களை மாதிரி ஒரு ஆள் பாத்துட்டு, திருட்டுதான்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா சபைக்கும் திருப்தி. வாய் கிழியற ரெண்டு பேர் இருக்கானுங்க. அவனுங்க அடங்குவானுங்க. அந்தப் பெயிண்டர் பாவம்தான். என்ன பண்றது, ஊர்ப் பாதுகாப்புன்னு வந்துட்டா பாவ புண்ணியம் பாக்க முடியுமா?"

"முடியாதுதான்," என்றான் கொக்கி. "வாரா வாரம் சனிக்கிழமை நாங்களும் அதைத்தான் பாக்கறோம்."

தலைவர் அவனைப் பார்க்கவில்லை. கூலிக்காரன் பேசும்போது அவருக்குக் காது கேட்பதில்லை.

வெளியே வந்ததும் தராசு சீட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தார். "கேட்டதும் குடுத்துட்டார். எதையாவது கேட்டதும் குடுக்கற வியாபாரியை நீ பாத்திருக்கியா?"

"ஒருத்தரைப் பாத்தேன். செத்து ரெண்டு நாள் ஆகியிருந்துச்சு."

மலைப் பாதையில் நடந்து கோட்டைக்குப் போகும்போது ஒரு குதிரை வண்டி அவர்களைப் புழுதியால் குளிப்பாட்டிவிட்டு முந்திச் சென்றது. கொக்கி கண்ணைக் கசக்கிக்கொண்டு திட்டினான். தராசு புழுதிக்கு நடுவே அந்த வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மேஜர் சிவந்த முகக்காரர். ஊர்ப் பாஷையைத் திட்டுவதற்காகவே கற்றுக்கொண்டவர். வேறு எதற்கும் அதை வீணாக்கியதில்லை. சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, கடலைப் பார்த்த சுவருக்கு அழைத்துப் போனார்.

மூன்று பீரங்கிகள் வரிசையாக நின்றன. புதுச் சாம்பல் பூச்சு வெயிலில் மினுமினுத்தது. பின்பக்கத்தில் மட்டும் கித்தான் போட்டுக் கயிற்றால் இறுக்கியிருந்தது. பத்தடி தள்ளி ஒரு கயிறு, கயிற்றுக்கு அந்தப் பக்கம் இரண்டு சிப்பாய்கள்.

"இங்கேர்ந்தே பாத்துக்கோ," என்றார் மேஜர்.

"நாலாவது எங்கே துரை?"

"மேல் தளத்துல. அங்கே யாருக்கும் அனுமதி இல்ல. ராணுவ ரகசியம்."

"இந்த மூணும் ரகசியம் இல்லையா?"

"இது கடல்லேர்ந்தே தெரியுமே, மடையா. தெரியணும்னுதானே வெச்சிருக்கு."

தராசு தலையைச் சொறிந்தார். அவர் இடது கையால் தலையைச் சொறிந்தால் கொக்கி ஏதாவது ஏடாகூடமாகச் செய்ய வேண்டும் என்று அர்த்தம். என்ன செய்வது என்பது அவன் சாமர்த்தியம். கொக்கி இரண்டடி நடந்தான், கயிற்றில் கால் மாட்டிக்கொண்டான், ஐயோ என்று கத்தியபடி சிப்பாய்களுக்கு நடுவே பாய்ந்து விழுந்தான். விழும்போது பிடிமானத்துக்கு எதையாவது பற்ற வேண்டுமே. இடுப்பிலிருந்த கொக்கி கைக்கு வந்தது, கை ஓங்கியது, நடுப் பீரங்கியின் வயிற்றில் இறங்கியது.

டொக்.

இரும்பில் இரும்பு பட்டால் கணீர் என்று கேட்கும், கை அதிரும், கொக்கி தெறித்து விழும். இது தெறிக்கவில்லை. இரண்டு விரற்கடை உள்ளே இறங்கி, சொந்த வீடு போல அங்கேயே நின்றது. கொக்கி அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான்.

சிப்பாய்கள் இருவரும் வானத்தைப் பார்த்தார்கள்.

"எடுடா அதை," என்றார் மேஜர். முகம் மேலும் சிவந்தது.

"வர மாட்டேங்குது துரை. நல்ல வைரம் பாஞ்ச கட்டை." அவன் பீரங்கியில் ஒரு காலை ஊன்றி இழுத்தான். ஒரு சிம்பு பெயர்ந்து வந்தது. மேலே சாம்பல், கீழே வெள்ளை, அதற்கும் கீழே மஞ்சள் மரம். அவன் அதை முகர்ந்து பார்த்தான். "பாய்மரம் செய்யற கட்டைண்ணே. இந்த ஊர்ல ஒரே ஒரு பட்டறையிலதான் கிடைக்கும்."

"அப்ப அந்தப் பட்டறைக்காரரையும் வெளியே வரச் சொல்லுங்க," என்றார் தராசு. "வண்டி எங்களுக்கு முன்னாடியே வந்துடுச்சு. இவ்வளவு நேரம் உள்ளே உக்காந்திருந்தா டீ ஆறியிருக்கும்."

மேஜரின் அறைக் கதவு திறந்தது. சபைத் தலைவர் கையில் கோப்பையோடு வந்தார். பிடிபட்டவர் போலத் தெரியவில்லை. விருந்துக்குக் கொஞ்சம் முன்னதாக வந்துவிட்டவர் போலத்தான் தெரிந்தார்.

"உங்களைக் குறைச்சு எடை போட்டுட்டேன்," என்றார்.

"அது என் பழைய தொழில்ங்க. நீங்க செஞ்சா தப்பாத்தான் வரும். கதையைச் சொல்லுங்க."

"கதை என்ன கதை. துறைமுகம் பாதி போட்டதும் நாங்க பாதி அனுப்பறோம்னு தாய்நாட்டுலேர்ந்து கடுதாசி வந்துச்சு. நீங்க பாதி அனுப்பினதும் நாங்க போடறோம்னு நாங்க எழுதினோம். ரெண்டு வருஷமா கடுதாசிதான் கப்பல் ஏறி இறங்கிச்சு. அதுக்குள்ள கூலியில பிடிச்சது சேர்ந்துபோச்சு. சும்மா கிடக்கலாமா? அதுல நிஜமாவே ஒண்ணு வாங்கினோம். மீதி மூணு என் பட்டறையில செஞ்சது. இங்கே எவனும் சண்டைக்கு வரப் போறதில்ல. கடல்ல போறவன் கண்ணுக்கு இரும்பும் சாம்பல், மரமும் சாம்பல். சத்தம் கேக்கணும்னு அந்த ரெண்டு பேர் முரண்டு பிடிச்சதும்தான் பின்மூடி திருட்டுப் போச்சு."

"மூணு பீரங்கிக்கான மிச்சக் காசு?" என்று கேட்டான் கொக்கி.

இந்த முறை தலைவருக்குக் காது கேட்டது. அவர் மேஜரைப் பார்த்தார். மேஜர் தன் பூட்ஸைப் பார்த்தார்.

"பாதிப் பாதி," என்றார் தலைவர்.

"பரவாயில்லையே. அது மட்டும் கடுதாசி போடாமலே சரியா பிரிஞ்சுடுச்சு."

இரண்டு வருடச் சனிக்கிழமைகள். மகளுக்குச் செருப்பு அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப் போட்ட சனிக்கிழமைகள். கொக்கி அந்தச் சிம்பை இறுக்கிப் பிடித்தான்.

"இப்ப என்ன பண்ணப் போறே?" என்று மேஜர் தராசிடம் கேட்டார். "கத்துவியா? உன் பேச்சை எவன் நம்புவான்?"

"நாலு மணிக்குப் பீரங்கி வெடிக்குதா இல்லையான்னு பாக்க ஊரே கடற்கரையில நிக்கும். இவன் ஒரு படகு மேல ஏறி நின்னு அந்தச் சிம்பைக் காட்டினா போதும். நம்ப மாட்டாங்கன்னு நினைக்கறீங்களா? சிரிக்க ஆரம்பிச்சுடுவாங்க துரை. சிரிச்ச ஊருக்கிட்டேர்ந்து வரி வாங்கறது ரொம்பக் கஷ்டம்." தராசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பெயிண்டர் இப்பவே வெளியே வரணும். அவன் மேல எந்தக் குற்றமும் இல்லன்னு உங்க கையெழுத்தோட. வந்தா, இந்த மூணு மரத்தைப் பத்தி நானும் இவனும் வாய் திறக்க மாட்டோம்."

கொக்கி திரும்பினான். "அண்ணே."

"பேசாதே."

மேஜரும் தலைவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேரம் இல்லை, மிரட்டல் இல்லை, ஒரு நாள் அவகாசம்கூடக் கேட்கவில்லை. "சரி," என்றார் மேஜர். உள்ளே போய் எழுதிக்கொண்டு வந்தார். தலைவர் நிம்மதியாக டீயைக் குடித்து முடித்தார்.

வாசலை நோக்கி நடக்கும்போது கொக்கி பல்லைக் கடித்தான். "என் கூலிண்ணே. என் கூலியில கட்டையை வாங்கி, அதை எனக்கே பாதுகாப்புன்னு காட்டியிருக்கான். நீங்க வாயை மூடறேன்னு வாக்குக் குடுத்துட்டு வர்றீங்க."

"அஞ்சு மணிக்குக் கப்பல் கிளம்பிடும். ஏறினவன் யாரும் திரும்பி வந்ததில்ல. முதல்ல ஆளை இறக்குவோம்." தராசு நடையைத் தளர்த்தினார். அவர் முகத்தில் வெற்றியின் அடையாளம் எதுவும் இல்லை. "ஆனா எனக்கு ஒண்ணு இடிக்குது. ரொம்பச் சீக்கிரம் சரின்னுட்டாங்க. மரம் அவ்வளவு பெரிய ரகசியம்னா இன்னும் கொஞ்சம் முரண்டு பிடிச்சிருக்கணும்."

கோட்டை வாசலின் சின்னக் கதவு திறந்தது. பெயிண்டர் வெளியே தள்ளப்பட்டான். ஒல்லி உடம்பு, காது மடலில் சாம்பல் பெயிண்ட். அக்காவைக் கண்டதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "பிரஷ்ஷைக் கழுவி வெச்சியாக்கா?"

அவள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வைத்த கையாலேயே அந்த இடத்தைத் தடவினாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரம் திரும்பி நின்றாள்.

"ஏன்டா பெயிண்டரே," என்றான் கொக்கி, "மரம்னு தெரிஞ்சா வாயை மூடிக்கிட்டு அடிச்சுட்டு வர வேண்டியதுதானே? அதைப் போய் வெளியே சொல்லுவேன்னுதானே உன்னைப் பிடிச்சாங்க?"

"அதுக்கா?" பெயிண்டர் விழித்தான். "மரம்னு முதல் நாளே சொன்னேனே. மழைக்கு முன்னாடி எண்ணெய் குடுத்துடுங்க துரை, இல்லேன்னா விரிசல் விடும்னு மேஜர்கிட்டயே சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு. டீ கூட வாங்கிக் குடுத்தாரு. பீரங்கியை மரத்துல செய்யறதும் உண்டு போல, துரைங்க சமாச்சாரம் நமக்கென்ன தெரியும்னு நானும் விட்டுட்டேன்."

தராசு நின்றுவிட்டார். கொக்கி அவர் முகத்தைப் பார்த்தான். சுங்கச்சாவடியில் முள் திடீரென்று ஒரு பக்கம் சாயும்போது பார்க்கிற பார்வை அது.

"முதல் நாள் சொன்னப்ப டீ வாங்கிக் குடுத்தாங்க," என்றார் மெதுவாக. "அப்ப இன்னிக்கு ஏன் பிடிச்சாங்க?"

"அதுதாங்க எனக்கும் புரியல. மூணாம் நாள் மேல் தளத்துல அந்த இரும்புப் பீரங்கிக்கு அடிச்சேன். அதை இன்னும் மேடையில ஏத்தல, தரையில கிடந்துச்சு. நேத்து சாயங்காலம் வேலை முடிக்கறப்ப மேஜர் வந்தாரு, கொஞ்சம் குடிச்சிருந்தாரு. நான் தொழில் சம்பந்தமா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்."

"என்ன கேட்டே?"

"கடலைப் பாக்கற பக்கத்துக்கு உப்புக் காத்து தாங்க ரெண்டு கோட்டு கூட அடிக்கணும், இதை ஏத்தினப்புறம் எந்தப் பக்கம் கடலைப் பாக்கும்னு கேட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

பெயிண்டர் காது மடலைச் சொறிந்தான். "'இது கடலைப் பாக்காதுடா, உங்க லைன் வீடுங்களைப் பாக்கும்'னு சிரிச்சுக்கிட்டே சொன்னாருங்க. சொன்ன உடனே சிரிப்பு நின்னுடுச்சு."